முதல் பல்லும் ராத்திரிப் பாலும்

விடியற்காலை நான்கு மணிக்கு ஜொகூரில் மாசாய் பக்கமோ ஸ்கூடாய் பக்கமோ போனால் வீட்டுக்கு வீடு அடுப்படி விளக்கு எரிவதைப் பார்க்கலாம். பாலத்தில் நெரிசல் கட்டுவதற்குள் சிங்கப்பூர் போய்ச் சேர வேண்டும் என்று மோட்டார் சைக்கிளைக் கிளப்பிக்கொண்டிருப்பார்கள். தூங்குகிற பிள்ளையைத் துண்டோடு அள்ளிக்கொண்டு போய் அடுத்த லோரோங்கில் இருக்கும் பாட்டி வீட்டிலோ, பிள்ளை பார்க்கும் அக்கா வீட்டிலோ விட்டுவிட்டுப் போகிறவர்களும் உண்டு. திரும்பி வர இரவு ஏழு, எட்டு ஆகிவிடும்.

'காலையில் எழுந்ததும் குழந்தைக்குப் பல் துலக்கிவிடுங்கள்' என்று தொடங்குகிற புத்தகம் இந்த வீடுகளுக்கு உதவாது. அதனால் இந்த அத்தியாயத்தை ராத்திரியிலிருந்து தொடங்குகிறேன். உங்கள் வசதிக்காக மட்டும் சொல்லவில்லை. கைக்குழந்தையின் பல் கெட்டுப்போவதே பெரும்பாலும் ராத்திரியில்தான்.

பூச்சி எங்கிருந்து வந்தது?

நாம் 'பூச்சிப்பல்' என்கிறோம். மலாய்க்காரர்கள் 'உலாட் கிகி' என்கிறார்கள், அதாவது பல் புழு. பூச்சியும் இல்லை, புழுவும் இல்லை. வாயில் குடியிருக்கும் கிருமிகள் சர்க்கரையைத் தின்று அமிலத்தைக் கக்குகின்றன. அந்த அமிலம் பல்லின் மேல்பூச்சான எனாமலைக் கரைக்கிறது. ஒவ்வொரு தடவை இனிப்பு உள்ளே போகும்போதும் அரை மணி நேரம்போல இந்தக் கரைப்பு நடக்கும். பிறகு எச்சில் வந்து அமிலத்தைக் கழுவி, கரைந்துபோன சுண்ணாம்புச் சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பப் பூசிவிடும். பகல் முழுக்க இந்தக் கொடுக்கல் வாங்கல் ஓடிக்கொண்டே இருக்கும்.

தூக்கத்தில் எச்சில் ஊறுவது வெகுவாகக் குறைந்துவிடுகிறது. பால் புட்டியை வாயில் வைத்தபடியே தூங்கும் குழந்தைக்கு மேல் முன்பற்களைச் சுற்றிப் பால் தேங்கி நிற்கும். கழுவிவிட ஆள் இருக்காது. கீழ் முன்பற்களுக்கு அவ்வளவு ஆபத்து இல்லை. நாக்கு அவற்றை மூடிக்கொண்டிருக்கிறது, எச்சில் சுரப்பியும் பக்கத்திலேயே இருக்கிறது. கீழ்ப் பல் நான்கும் பளிச்சென்று இருக்க, மேல் நான்கும் பழுப்பேறிக் கரைந்திருந்தால், எந்தப் பல் மருத்துவரும் கேட்கும் முதல் கேள்வி, "ராத்திரி புட்டி குடுக்கிறீங்களாம்மா?"

என்னிடமும் கேட்டார்கள். என் மூத்தவளுக்கு ஒன்றரை வயதில் மேல் ஈறை ஒட்டி வெள்ளையாக ஒரு கோடு தெரிந்தது. பால் படிந்திருக்கிறது என்று நினைத்து நகத்தால் சுரண்டினேன். போகவில்லை. விட்டுவிட்டேன். இரண்டரை வயதில் தீபாவளிக்கு எடுத்த படத்தில் சிரிக்கிறாள். கோடு இருந்த இடமெல்லாம் பழுப்பு. அந்த வெள்ளைக் கோடுதான் முதல் எச்சரிக்கை என்பதும், அந்தக் கட்டத்தில் பல்லைத் திரும்ப மீட்டுவிடலாம் என்பதும் எனக்கு அப்போது தெரியாது.

ஆகவே முதல் வேலை இது. மாதம் ஒரு தடவை குழந்தையின் மேலுதட்டை விரலால் தூக்கிப் பாருங்கள். ஈரத்தைத் துணியால் ஒற்றிவிட்டு, ஈறும் பல்லும் சேரும் ஓரத்தை வெளிச்சத்தில் பாருங்கள். சுண்ணாம்புக் கோடுபோல மங்கலான வெள்ளை தெரிந்தால் அந்த வாரமே கிளினிக் போங்கள். நமது சுகாதார அமைச்சு தாய்சேய் கிளினிக்குகளில் கற்றுத்தரும் முறையும் இதுவே. இரும்புச் சத்துச் சொட்டு மருந்து கொடுத்தால் பல்லில் கறுப்புக் கறை படியும். அது வேறு, அதற்குப் பயப்பட வேண்டாம்.

"விழப்போற பல்லுதானே?"

இந்தக் கேள்வியைக் கேட்காத பாட்டி இல்லை. கணக்கைப் பார்த்துவிடுவோம். கடைசிப் பால்பல், அதாவது பின்னால் இருக்கும் கடைவாய்ப் பல், இரண்டு இரண்டரை வயதில் முளைக்கிறது. அது விழுவது பத்து, பன்னிரண்டு வயதில். எட்டு ஒன்பது வருஷம் மென்று தின்ன வேண்டிய பல் அது. அடியில் வரப்போகும் நிரந்தரப் பல்லுக்கு இடம் பிடித்து வைத்திருப்பதும் அதுவே. முன்கூட்டிப் பிடுங்கினால் பக்கத்துப் பற்கள் சாய்ந்து அந்த இடத்தை மறித்துக்கொள்ளும். வேரில் சீழ் வைத்தால் அடியில் உருவாகிக்கொண்டிருக்கும் பல்லின் எனாமலே கெடக்கூடும். இதையெல்லாம் விடுங்கள், பல்வலியோடு ராத்திரி முழுக்க அழும் மூன்று வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டு நான்கு மணிக்கு எழுந்து வேலைக்குப் போய்ப் பாருங்கள்.

2015-இல் நாடு முழுதும் ஐந்து வயதுப் பிள்ளைகளிடம் எடுத்த ஆய்வில் 71.3 விழுக்காட்டினருக்குச் சொத்தைப் பல் இருந்தது. பத்து வருஷத்துக்கு முன்னால், 2005-இல், அது 76.2. ஐந்து புள்ளிகூட முழுதாக இறங்கவில்லை.

பல் முளைக்கும் நாள்கள்

முதல் பல் வழக்கமாக ஆறாவது மாதத்திலிருந்து பத்தாவது மாதத்துக்குள் வரும். கீழ் நடுப்பல் இரண்டும் முதலில், பிறகு மேலே இரண்டு, பிறகு அவற்றின் பக்கத்துப் பற்கள். ஒரு வயதுக்குப் பிறகு முதல் கடைவாய்ப் பல், அதற்குப் பின் கோரைப்பல், கடைசியில் இரண்டாம் கடைவாய்ப் பல். மூன்று வயதுக்குள் இருபதும் வந்துவிடும். சில மாதம் முன்பின் இருந்தால் கவலை வேண்டாம். ஒன்றரை வயதாகியும் ஒரு பல்கூட எட்டிப் பார்க்கவில்லை என்றால் காட்டுங்கள்.

மேல் பல் முதலில் வந்தால் மாமனுக்கு ஆகாது என்பார்கள். மாமனுக்கு ஒன்றும் ஆகாது. சில குழந்தைகளுக்கு அப்படி வரும், அவ்வளவே. அதே சமயம் யாழ்ப்பாணத்து வழி வந்த குடும்பங்களில் முதல் பல்லுக்குக் கொழுக்கட்டை அவித்துக் குழந்தையின் தலையில் கொட்டிக் கொண்டாடுவார்களே, அது எனக்கு ரொம்பப் பிடித்த வழக்கம். பல் வந்த நாளை வீடே குறித்து வைக்கிறது. அந்தக் கொழுக்கட்டைத் தட்டிலேயே ஒரு சின்ன பிரஷையும் வைத்துவிடுங்கள் என்பதுதான் நான் சேர்க்கும் ஒரே திருத்தம்.

பல் வருகிறது என்று காய்ச்சலையும் வயிற்றுப்போக்கையும் அதன் தலையில் கட்டாதீர்கள். ஈறு தினவெடுக்கும், எச்சில் ஒழுகும், சிணுங்கும். உடம்பு அனலாகக் கொதித்தால் காரணம் வேறு. டெங்கி உள்ள ஊரில் இருக்கிறோம். ஈறு வலிக்குக் குளிரவைத்த சுத்தமான துணியைக் கடிக்கக் கொடுங்கள். பென்சோகெயின் கலந்த மரக்கச் செய்யும் ஜெல் இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு வேண்டாம். ரத்தத்தில் ஆக்சிஜன் குறையும் ஆபத்து அதில் உண்டு. தேன் தடவுவதும் ஒரு வயதுக்குள் கூடவே கூடாது.

பல் வருவதற்கு முன்னாலேயே, குளிப்பாட்டும்போது ஈரத் துணியை விரலில் சுற்றி ஈறைத் துடைத்துவிடுங்கள். வாய்க்குள் விரல் போவது குழந்தைக்குப் பழகிவிடும். பின்னால் பிரஷ் போகும்போது சண்டை குறையும்.

மடியில் கிடத்தித் துலக்குதல்

முதல் பல் வந்த அன்றிலிருந்து பிரஷ். தலை சின்னதாக, நார் மென்மையாக இருந்தால் போதும்; கரடி பொம்மை, பாட்டுப் பாடும் பொத்தான் எல்லாம் உங்கள் இஷ்டம்.

பற்பசையில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பாசார் மாலாமிலும் பேரங்காடியிலும் குழந்தைகளுக்கென்று விற்கிற சிலவற்றில் ஃப்ளோரைடே கிடையாது. இல்லை என்பதையே பெருமையாக அட்டையில் அச்சடித்திருப்பார்கள். வெறும் ஸ்ட்ராபெரி வாசனைக்கு எதற்கு வெள்ளியைக் கொடுப்பது? குழாயின் பின்பக்கம் திருப்பி, ஃப்ளோரைடு 1000 பிபிஎம் அல்லது அதற்கு மேல் என்று இருக்கிறதா பாருங்கள். கரைந்த எனாமலைத் திரும்பக் கட்ட உதவுவது அதுதான். மூன்று வயதுவரை ஓர் அரிசி மணி அளவு. மூன்றிலிருந்து ஆறுவரை பச்சைப் பட்டாணி அளவு. விளம்பரத்தில் பிரஷ் முழுக்க அலைபோலப் போடுவார்களே, அது பசை சீக்கிரம் தீர்வதற்கு. அரிசி மணி அளவை விழுங்கிவிட்டாலும் பயமில்லை. ஆனால் குழாயைக் கைக்கு எட்டாமல் வையுங்கள். தினமும் நிறைய விழுங்கினால் பின்னால் வரும் நிரந்தரப் பற்களில் வெள்ளைத் திட்டுகள் விழும். துலக்கிய பிறகு துப்பச் சொல்லுங்கள், தண்ணீரால் கொப்பளிக்க வேண்டாம். பசையின் மிச்சம் ராத்திரி முழுக்க பல்லோடு இருக்கட்டும்.

நிற்க வைத்து, எதிரே குனிந்து துலக்கப் பார்த்தால் பாதி வாய் தெரியாது. நம் பாட்டிமார் காலை நீட்டி உட்கார்ந்து பிள்ளையைக் கிடத்திக் குளிப்பாட்டியதை நினைத்துக்கொள்ளுங்கள். அதே மாதிரி தரையில் உட்கார்ந்து, குழந்தையின் தலை உங்கள் மடியில் மல்லாந்து இருக்கும்படி கிடத்துங்கள். ஒரு கையால் உதட்டை விலக்கி, மறு கையால் ஈறோரத்தில் சின்னச் சின்ன வட்டமாகத் துலக்குங்கள். அழுதால் அழட்டும், அழுகிற வாய் நன்றாகத் திறந்திருக்கும். முதலில் முப்பது வினாடி நடந்தாலே வெற்றி. பிறகு ஒரு பாட்டு முடியும்வரை என்று நீட்டிக்கொண்டு போகலாம்.

ஏழு எட்டு வயதுவரை பெரியவர் கைதான் துலக்க வேண்டும். 'அவளே துலக்கிக்கிறா' என்று நான்கு வயதில் பெருமைப்படுவதில் ஒரு பயனும் இல்லை. சப்பாத்துக் கயிற்றைத் தானே ஒழுங்காகக் கட்டத் தெரியாத கைக்குக் கடைவாய் எட்டாது.

சிங்கப்பூர் போய்வருகிற பெற்றோர் ராத்திரித் துலக்கலைத் தங்கள் வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். காலைத் துலக்கல் பாட்டியுடையது. அதற்குத் தனி பிரஷ், தனிப் பசை அந்த வீட்டிலேயே இருக்க வேண்டும். பையில் வைத்துத் தினமும் அனுப்பலாம் என்று நினைத்தால் மூன்றாம் நாளே மறந்துவிடும். பாட்டிக்குப் பாடம் எடுக்காதீர்கள். கிளினிக் போகும்போது அவரையும் அழைத்துப் போய், அங்கே பல் பார்க்கும் மிஸ்ஸி வாயால் கேட்க வையுங்கள். மருமகள் சொன்னால் குத்தம், மிஸ்ஸி சொன்னால் வேதவாக்கு. பாட்டியின் சொந்தப் பல்லையும் அதே நாளில் காட்டிவிடுங்கள். அவர் மென்று ஊட்டும் சோற்றோடும், ருசி பார்த்த கரண்டியோடும் அவர் வாயிலுள்ள கிருமிகளும் குழந்தைக்குப் போகின்றன.

டின் பால், புட்டிப் பால், மைலோ

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு ஆயாக் கொட்டகை நினைவிருக்கும். விடியுமுன் பால்மரம் வெட்டப் போகும் தாய்மார் கைக்குழந்தையை அங்கே விட்டுவிட்டுப் போவார்கள். ஏணையில் கிடக்கும் பிள்ளைக்குக் கெட்டிப் பாலைக் கரைத்துப் புட்டியில் கொடுத்து வளர்த்த தலைமுறை அது. இன்று தோட்டத்துக்குப் பதில் சிங்கப்பூரின் துவாஸ், வூட்லண்ட்ஸ். ஆயாவுக்குப் பதில் பாட்டி. புட்டி மட்டும் மாறவில்லை.

இனிப்பான கெட்டிப் பாலில் ஏறக்குறையப் பாதி சர்க்கரை. 1939-இலேயே டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் மருத்துவர் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் 'பாலும் கொலையும்' என்று தலைப்பிட்டு, இதைக் குழந்தை உணவாக விற்பவர்களைக் கிழித்துப் பேசினார். அவர் பேசியது பல்லைப் பற்றி அல்ல, ஊட்டமில்லாமல் செத்துப்போன குழந்தைகளைப் பற்றி. இன்றைக்கு நம் கடையில் வாங்கும் டின்னில் குழந்தைகளுக்கு ஏற்றதல்ல என்று அச்சடித்திருக்கும். தே தாரிக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மாவுப் பால் ஆனாலும் புட்டியோடு படுக்கைக்குப் போவதுதான் சிக்கல். வரிசை இதுதான்: பால், பிரஷ், தூக்கம். பிரஷுக்குப் பிறகு தண்ணீர் மட்டும். பழகிவிட்ட புட்டியை ஒரே நாளில் பிடுங்கினால் வீடு ரணகளமாகும். இரண்டு வாரத் திட்டமாகச் செய்யுங்கள்: ராத்திரிப் புட்டியில் வழக்கமான பாலுக்குப் பதில் முக்கால் பங்கு பால், கால் பங்கு கூடுதல் தண்ணீர், சில நாள் கழித்துப் பாதிக்குப் பாதி, கடைசியில் வெறும் தண்ணீர். வெறும் தண்ணீருக்கு எந்தக் குழந்தையும் இரண்டு மணிக்கு எழுந்து அழுவது ரொம்ப நாள் நீடிக்காது. இது ஒரு வயது தாண்டி, சோறு நன்றாகச் சாப்பிடுகிற பிள்ளைக்கு மட்டும். அதற்குக் குறைந்த குழந்தையின் பாலில் கூடுதல் தண்ணீர் சேர்க்கக் கூடாது. ஆறாம் மாதத்திலிருந்தே கிண்ணத்தில் குடிக்கப் பழக்கினால் ஒன்றரை வயதுக்குள் புட்டிக்கு விடைகொடுத்துவிடலாம்.

தாய்ப்பால் கொடுப்பவர்கள் இதைப் படித்துவிட்டு நிறுத்திவிட வேண்டாம். ஒரு வயதுக்குப் பிறகு ராத்திரி முழுக்க மார்பிலேயே தூங்கும் பழக்கத்தை மட்டும் மெல்லக் குறையுங்கள், படுக்குமுன் பல்லைத் துலக்கிவிடுங்கள்.

பகலில் எவ்வளவு இனிப்பு என்பதைவிட எத்தனை தடவை என்று எண்ணுங்கள். தீபாவளிப் பலகாரத்தைச் சாப்பாட்டோடு சேர்த்து ஒரே தடவையில் கொடுத்துவிடுவது பரவாயில்லை. மைலோவைப் புட்டியில் ஊற்றிக் கையில் கொடுத்து, காலை பத்திலிருந்து மதியம்வரை உறிஞ்சவிடுவதுதான் பல்லைத் தின்னும். இருமல் மருந்தும் சர்க்கரைப் பாகுதான். கொடுத்தபின் தண்ணீர் குடிக்க வையுங்கள்.

குழாய்த் தண்ணீர்

ஜொகூர்க்காரர்கள் கொஞ்சம் தலைநிமிரலாம். மலேசியாவிலேயே குழாய்த் தண்ணீரில் ஃப்ளோரைடு முதலில் சேர்த்தது இங்கேதான், 1957-இல், ஜொகூர் பாருவின் மஜிடி நீர் நிலையத்தில். இப்போது நாட்டில் கடைப்பிடிக்கும் அளவு 0.5 பிபிஎம், 2005-க்கு முன்னால் 0.7 ஆக இருந்தது. வீட்டில் ஆர்.ஓ. வடிகட்டி பொருத்தியிருந்தால் அதில் பெரும்பகுதி வடிந்துபோய்விடும். போத்தல் தண்ணீரையே நம்பியிருக்கிற வீட்டுக்கும் அந்தப் பாதுகாப்பு கிடைக்காது. இதற்காக வடிகட்டியைக் கழற்ற வேண்டாம். பற்பசை விஷயத்தில் சமரசம் செய்யாமல் இருந்தால் போதும்.

கிளினிக் பெர்கிகியான்

முதல் பல் வந்ததும், பிந்தினால் முதல் பிறந்தநாளுக்குள், ஒரு தடவை காட்டிவிடுங்கள். தனி நாள் ஒதுக்க முடியாதவர்கள் ஒன்பதாம், பன்னிரண்டாம், பதினெட்டாம் மாதத் தடுப்பூசி நாள்களைப் பயன்படுத்தலாம். தாய்சேய் கிளினிக்கில் கேட்டால் பல்லையும் பார்க்கச் சொல்வார்கள், அல்லது அரசுப் பல் கிளினிக்குக்கு வழிகாட்டுவார்கள். முடிந்தால் பல்லை முதலில் காட்டுங்கள். ஊசி போட்ட பிறகு எந்தப் பிள்ளையும் வாயைத் திறக்காது. மைகிட் அட்டையும் குழந்தையின் சுகாதாரப் பதிவுப் புத்தகமும் கையில் இருக்கட்டும். 2025 ஜனவரி 1 முதல் ஜொகூரின் வார விடுமுறை மறுபடியும் சனி, ஞாயிறு ஆகிவிட்டது. முன்பு ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூரில் விடுமுறை, இங்கே அரசு கிளினிக் திறந்திருக்கும் என்ற வசதி போயிற்று. விடுப்பு எடுக்க முடியாதவர்களுக்குத் தனியார் கிளினிக்தான், செலவு கூடும்.

அரசு கிளினிக்கில் உங்கள் குழந்தையைப் பார்ப்பவர் பெரும்பாலும் பல் மருத்துவராக இருக்கமாட்டார். 'ஜுருதெராபி பெர்கிகியான்' எனப்படும் பல் சிகிச்சையாளராக இருப்பார். நம் தலைமுறை 'பல் மிஸ்ஸி' என்று கூப்பிட்டது இவர்களைத்தான். நியூசிலாந்து முறையைப் பின்பற்றி 1949-இல் பினாங்கில் தொடங்கிய பயிற்சிப் பள்ளியிலிருந்து வந்த மரபு. பிள்ளைகளைக் கையாள்வதில் இவர்களுக்கு உள்ள பழக்கம் பல மருத்துவர்களுக்கு இல்லை என்பது என் அபிப்பிராயம்.

முதல் தடவை ஐந்து நிமிடம்தான் ஆகும். நீங்களும் அவரும் முழங்காலோடு முழங்கால் இடிக்க எதிரெதிரே உட்கார்ந்து, குழந்தையின் தலை அவர் மடியில், கால் உங்கள் இடுப்பில். பார்ப்பார், தேவையென்றால் ஃப்ளோரைடு வார்னிஷ் பூசுவார். அன்று பல் கொஞ்சம் மஞ்சளாகத் தெரியும், சில மணி நேரம் கடினமானதைத் தின்னக் கொடுக்க வேண்டாம். சொத்தை விழுந்துவிட்டாலும் எல்லாவற்றுக்கும் பிடுங்கல் கிடையாது. அதை நிறுத்திவைக்க வெள்ளி கலந்த ஒரு மருந்து உண்டு. தடவிய இடம் கறுப்பாகிவிடும், அழகு கெடும், ஆனால் ஊசியும் டிரில்லும் இல்லாமல் வேலை முடியும். கடைவாய்ப் பல் உடைந்தால் உலோகத் தொப்பி போடுவார்கள். கன்னம் வீங்கிக் காய்ச்சலும் இருந்தால் தேதி வாங்கிக் காத்திருக்காதீர்கள், அன்றே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

வீட்டில் ஒரு கட்டுப்பாடு. 'சேட்டை பண்ணினா டாக்டர் பல்லைப் பிடுங்கிடுவாரு' என்ற மிரட்டலை அடியோடு நிறுத்துங்கள். நீங்கள் பட்ட பல்வலிக் கதையையும் பிள்ளை காதில் போட வேண்டாம்.

ஆறு வயதில் ஓசையில்லாமல் வரும் பல்

ஆறு வயதில், பால்பற்களின் வரிசைக்குப் பின்னால், ஒரு பெரிய கடைவாய்ப் பல் முளைக்கும். அதற்காக எந்தப் பல்லும் விழாது. அதனால் யாரும் கவனிப்பதில்லை, அதையும் பால்பல் என்றே நினைத்துவிடுகிறார்கள். அது ஆயுசுக்கும் உள்ள பல். ஆழமான பள்ளங்கள் இருக்கும், பிரஷின் நார் உள்ளே போகாது. அந்தப் பள்ளங்களை அடைத்துப் பூச்சுப் போட முடியும். சரியாக அந்த நேரத்தில்தான் பிள்ளை ஒன்றாம் ஆண்டுக்குப் போகிறது. பள்ளிக்கு வரும் பல் மருத்துவக் குழுவும் பார்க்கும். ஆனால் பெற்றோர் கையெழுத்துப் போட்ட சம்மதப் பாரம் இல்லாமல் அவர்கள் சிகிச்சை செய்யமாட்டார்கள். அந்தத் தாள் பெரும்பாலும் புத்தகப் பையின் அடியில் கசங்கிக் கிடக்கும். ஆண்டுத் தொடக்கத்தில் பையைக் கவிழ்த்துத் தேடுங்கள்.